சுபேதார் மாமா ஷூவைக் கழற்றிய செவ்வாய்க்கிழமை

பால் சொசைட்டியின் நீளமான பெஞ்சுகளில் பதினோரு பேர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் இருபத்தொரு கால்கள்.

கணக்கு சரிதான். பட்டாளத்தில் நாயக்காக இருந்த ஆறுக்குட்டியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வடக்கே ஒரு மலைச்சரிவில் கண்ணிவெடி கொண்டுபோய்விட்டது. மாற்றுக்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார்: "இதையும் பாப்பீங்களா மேடம்? இதுக்கு மட்டும் சக்கரை இல்லீங்."

அந்த வரிசையின் முன்னால் சுபேதார் பொன்னுசாமி நடந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு, எண்ணெய் தடவிய மீசை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள். ஒவ்வொரு காலுக்கும் குனிந்தார்.

"நகம் வெட்டி எத்தன நாளாச்சு?"

"வெடிப்பு. மருந்து போடு."

"இதென்ன, கழுவிட்டு வந்தயா, இல்ல வயல்ல இருந்து நேரா வந்தயா?"

அந்த இடத்தில் ஷூ போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். முகம் பார்க்கும் அளவுக்கு மின்னிய கறுப்பு ஷூ. நோட்டுப் புத்தகத்தோடு அவர் பின்னால் நடந்த என் கண் அதன் மேலேயே இருந்தது. அந்தக் காலை வேளையின் ஏற்பாடு முழுக்க அந்த ஒரு ஜோடி ஷூவுக்காகத்தான்.

படம் போடாத வண்டி

சென்ற வாரம் நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "ஊரில் சும்மாவா இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். சும்மா இருக்க விட்டால்தானே!

இருபது வருடத்துக்கு மேல் ராணுவ மருத்துவமனைகளில் செவிலியர் அதிகாரியாக இருந்து, மேஜராக ஓய்வு பெற்றவள் நான். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் ஊருக்கு வந்தேன். தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இரண்டு மைல் மேற்கே, கேரளப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு ஒரு மாடு, இரண்டு வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர்.

அவர்களுக்கு மருத்துவம் இல்லாமல் இல்லை. பாலக்காடு டவுனில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று மருத்துவமனை உண்டு. ஆனால் ஒரு மாத்திரை அட்டைக்கு இரண்டு பஸ் மாறி, அரை நாள் காத்திருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அதற்கொரு சீட்டு. அந்தச் சீட்டுக்கு இன்னொரு நாள், இன்னும் இரண்டு பஸ். மாட்டை யார் பார்ப்பது? பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் புதுத் திட்டமாக ஒரு மருத்துவ வண்டி வந்தது. டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் வண்டிக்குள்ளேயே. டவுனில் இருக்கும் பெரிய டாக்டரோடு திரையில் பேசலாம். ஆஸ்பத்திரிச் சீட்டையும் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர். நர்ஸாக வர முடியுமா என்று கேட்டார்கள். தென்னையைச் சொட்டுநீரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆறு மாதம் பார்ப்பார்களாம். ஆள் வந்தால் வண்டி தொடரும். வராவிட்டால் வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

வண்டியின் பக்கவாட்டில் மலையாளத்தில் பெரிதாக 'விமுக்தபட' என்று தொடங்கி ஏதோ எழுதியிருந்தது. முன்னாள் படைவீரர் என்பதற்கு அவர்கள் சொல். முதல் செவ்வாய்க்கிழமை, பாலூற்ற வந்த ஒரு பெரியம்மா எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"விமுத்த படமா? எத்தன மணிக்குங்க போடுவீங்க?"

அன்று எங்களிடம் வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் அந்தப் பெரியம்மா. இன்னொருவர் எருமைக்குக் கழிச்சல் மருந்து கேட்டவர்.

டாக்டர் ஷீபா திருச்சூர்ப் பெண். படித்து முடித்து வந்த புதிது. ஆள் வராத வண்டியில் உட்கார்ந்து என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். டிரைவர் உண்ணி பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வண்டியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் இப்படியே போனது.

மாமாவா, மேடமா?

யாரும் வராததற்குக் காரணம் சீக்கிரமே தெரிந்தது. காரணம் டீக்கடையில், மின்னும் ஷூவோடு உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர்கள் எல்லாருக்கும் சுபேதார் பொன்னுசாமி சொன்னால் சொன்னதுதான். அவர் சொல்லிவிட்டார்: "ரோட்டோரம் வண்டிக்குள்ள ஏறிச் சட்டையக் கழட்டறதா? வேடிக்கை பாக்கறதுக்கு நாம என்ன சர்க்கஸா?"

எனக்கு அவர் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். ஆனால் பட்டாளத்துக் கணக்கில் மேஜர் எங்கே, சுபேதார் எங்கே! தோட்டத்து வேலிப் பக்கம் பார்த்தால் "ஏனம்மிணி, மோட்டார் ஓடுதா?" என்பார். நான் வெள்ளைக் கோட்டில் நின்றால் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து, "குட் மார்னிங் மேடம்" என்பார். ஒரே நாளில் இரண்டு விதமாகவும் கூப்பிட்டு, எனக்கே நான் யார் என்று குழப்பம் வந்ததுண்டு.

ஒருநாள் வேலிப் பக்கமாகப் பிடித்தேன்.

"மாமா, நீங்க ஒருக்கா வந்து வண்டில ஏறினாப் போதும். அல்லாரும் வந்துருவாங்க."

"அம்மிணி, டவுனு ஆஸ்பத்திரில என்னைய எப்புடிக் கூப்பட்டாங்க தெரியுமா? 'டோக்கன் நாப்பத்தேழு, டோக்கன் நாப்பத்தேழு'ங்கறாங்க. முப்பது வருசமா சுபேதார்னு கேட்டுப் பழகின காது இது. அன்னிக்கு எந்திரிச்சு வந்தவன்தான். அப்பறம் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல."

"மாத்திரை?"

"அதுவும் அன்னியோட சரி."

என்ன மாத்திரை என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார்.

பதில் இரண்டு நாள் கழித்து அவர் மனைவி மயிலாத்தா அத்தை மூலம் வந்தது. கைநிறையக் கொத்தவரங்காயோடு வந்தவர், அதைக் கொடுக்க மறந்து மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"சக்கரை மாத்திரைதான் அம்மிணி. அதுகூடப் போகட்டும். ஒரு மாசமா மனுசன் சாக்ஸைக் கழட்டறதில்ல. படுக்கறப்பவும் சாக்ஸு. தொவைக்கக் குடுங்கன்னா, பார்டர்ல சண்டை வந்தாப்புல கத்தறாரு. கிட்டப் போனா ஒரு வாசம் வருது. நல்ல வாசமில்ல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

பனியில் பார்த்த கால்கள்

கால் என்றால் எனக்கு ஒரு பயம் உண்டு. அது எங்கே தொடங்கியது என்று இங்கே சொல்லிவிட வேண்டும்.

வடக்கே பனி மலை அடிவாரத்து மருத்துவமனையில் நான் வேலை பார்த்த ஒரு குளிர்காலம். மேலே காவல் சாவடிகளிலிருந்து இறங்கி வரும் ஜவான்களில் சிலருக்குக் கால்விரல் கறுத்திருக்கும். வலிக்கிறது என்று கத்துபவனைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அவன் விரலில் உயிர் இருக்கிறது. "ஒண்ணும் தெரியல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு" என்று சிரிப்பவனைப் பார்த்தால்தான் பெரிய டாக்டர் முகம் சுருங்கும்.

அப்படிச் சிரித்த ஒரு பஞ்சாபி இளைஞனுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சிஸ்டர், இனிமே ஸ்டோர்ல எனக்கு ஒரு சைஸ் சின்ன பூட்ஸ் குடுப்பாங்களா?" நான் சிரித்தேன். பிறகு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதனால்தான் பட்டாளத்தில் நீண்ட நடைப் பயிற்சி முடிந்ததும் கால் சோதனை உண்டு. எல்லாரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார வேண்டும். அதிகாரியே குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்ப்பார். பட்டாளத்தில் எனக்குப் பிடித்த வழக்கம் அது. மற்ற நேரமெல்லாம் தலை நிமிர்ந்தே நிற்பவர்கள், அப்போது மட்டும் தனக்குக் கீழே உள்ளவனின் பாதத்துக்கு முன்னால் குனிவார்கள்.

மயிலாத்தா அத்தை போன பிறகு எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வந்தது.

ஃபால் இன்

மறுநாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டே சுபேதார் வீட்டுக்குப் போனேன். அவர் குதிகாலைச் சேர்த்தார்.

"சுபேதார் சாப், வர்ற செவ்வாய்க்கிழமை கால் சோதனை, ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன். பால் சொசைட்டில. டோக்கன் கிடையாது. ரேங்க் சொல்லித்தான் கூப்பிடுவோம். வண்டிக்குள்ள யாரும் சட்டையக் கழட்ட வேண்டாம். ஃபால் இன்னு சொல்லி ஆளை வரிசைல நிறுத்தறதும் சோதனை போடறதும் உங்க பொறுப்பு."

அவர் கண்கள் மின்னியதைப் பார்த்தேன். "எத்தன மணிக்குங் மேடம்?"

"ஒம்போது."

"எட்டே முக்காலுக்கு ஆள் நிக்கும்."

நின்றது. எட்டரைக்கே நின்றது. மூன்று வாரமாக எங்களைக் கண்டால் குறுக்குச் சந்தில் திரும்பியவர்கள் எல்லாரும் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பார்த்து முடித்த காலை நான் பார்ப்பேன். பேனா போன்ற ஒரு குச்சியின் முனையில் மெல்லிய நைலான் இழை இருக்கும். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அதை வைப்பேன். தெரிந்தால் சொல்ல வேண்டும். சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தால் தெரியாது.

டாக்டர் ஷீபா எனக்குப் பின்னால், தான் கற்ற தமிழையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தார். ஒருவரிடம் "வேதன உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் வலி இருக்கிறதா என்று அர்த்தம்.

"வேதனை இல்லாத மனுசன் ஏதுங்க டாக்டரம்மா?" என்றார் ஆறுக்குட்டி, கேட்டது வேறொருவரை என்றாலும். "மூத்த மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையல."

சிரிப்பு அடங்கியபோது வரிசை முடிந்துவிட்டது. சுபேதார் என்னிடம் திரும்பி நிமிர்ந்தார்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதுங் மேடம். பதினோரு பேர்."

"பன்னெண்டு பேர் சாப்."

அவருக்குப் புரிந்துவிட்டது. மீசை அசைந்தது. "சோதனை போடறவனுக்குச் சோதனை கிடையாதுங்."

மேஜராக உத்தரவு போடலாம். அவரும் ஷூவைக் கழற்றியிருப்பார், ஆனால் அத்தனை பேர் முன்னாலும் அவமானப்பட்டு. மருமகளாகக் கெஞ்சலாம், "போ அம்மிணி" என்றிருப்பார். நான் இரண்டையும் எடை போடுவதற்குள் ஆறுக்குட்டி பேசினார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

"சாப். எனக்குப் போன காலு, சொல்லிக்காமப் போச்சுங். காலைல எந்திரிச்சு பூட்ஸ் போட்டேன், மத்தியானம் இல்ல. ஒரு நாள் முன்னாலயாவது யாராச்சும் சொல்லியிருந்தா, அந்தக் கால நல்லாப் பாத்துட்டாவது இருந்திருப்பேன். உங்களுக்குப் பாக்கறதுக்கு இருக்குதுங். பாத்துருங்."

பால் கேன் ஒன்றை யாரோ கீழே வைத்தார்கள்.

சுபேதார் மெதுவாக வரிசையின் கடைசியில், பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்தார். ஷூ கயிற்றை அவிழ்த்தார். வலது காலுறை பாதத்தோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் விட்டு நனைத்துத்தான் எடுக்க முடிந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே கறுத்துப் போன ஒரு குழி.

உண்ணி ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு "அய்யோ" என்று கையை எடுத்தார். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்ன ஆணி நிமிர்ந்து நின்றது. எத்தனை நாளாக அதன் மேல் நடந்தாரோ!

"வேதன உண்டோ?" என்றார் டாக்டர், இந்த முறை மெல்ல.

"இல்லீங்."

நான் நைலான் இழையை அவருடைய குதிகாலில் வைத்தேன். கண்ணை மூடியபடி காத்திருந்தார். பெருவிரலில் வைத்தேன். காத்திருந்தார்.

"எப்பங் தொடுவீங்க மேடம்?" என்றார்.

செருப்பு

அவர் ஏன் ஷூ போடத் தொடங்கினார் என்பதை வண்டியின் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

"ஒரு நா பால் ஊத்தப் போனேன் அம்மிணி. சொசைட்டில எல்லாரும் என் காலையே பாக்கறாங்க. குனிஞ்சு பாத்தா ஒத்தச் செருப்புதான் இருக்குது. இன்னொண்ணு வழியில எங்கியோ கழண்டுபோச்சு. எனக்குத் தெரியவே இல்ல. 'என்னுங்க சாப், காலைலயேவா?'ன்னு ஒருத்தன் சிரிச்சான். நான் என்னிக்கும் தொடாத சாராயத்தத் தொட்டேன்னு நெனச்சுட்டான். அடுத்த நாளே ஷூ போட்டேன். கயிறு கட்டினாக் கழலாதில்ல?"

ஊர் முழுக்க அதைப் பட்டாளத்து மிடுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான். நர்ஸ் வேலை பார்த்த எனக்கு அந்த ஷூ எதையும் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

டவுனிலிருந்த அறுவை சிகிச்சை நிபுணரைத் திரையில் கூப்பிட்டோம். அவர் வந்தார்; வாயைத் திறந்தார்; திறந்த வாயோடு அப்படியே உறைந்துவிட்டார்.

"மேடம், இவிடெ ரேஞ்ச் இல்லா," என்றார் உண்ணி. எங்கள் ஊரில் செல்போன் ஒரு மூலையில் தமிழ்நாட்டுக்கும் மறு மூலையில் கேரளாவுக்கும் தாவும். நடுவில் எதற்கும் சேராது. வண்டியைக் கிளப்பி மெயின் ரோட்டுப் பக்கம் போனோம். ஒரு கள்ளுக்கடையின் எதிரே போனதும் டாக்டரின் வாய் மூடியது, பேச்சு வந்தது. அவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர், கர்னல் என்று அறிமுகப்படுத்தினேன். சுபேதார் மாமா படுத்தபடியே சல்யூட் அடித்தார்.

புண்ணைக் காட்டினோம். கர்னல் நெருக்கமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுபேதார் சாப், இது ஆர்டர். இன்னைக்கே அட்மிட் ஆகணும்."

"யெஸ் சார்."

மயிலாத்தா அத்தை ஒரு மாதம் கத்தியும் நடக்காத காரியம்! டாக்டர் ஷீபா அங்கேயே சீட்டு எழுதினார். பஸ் இல்லை, காத்திருப்பு இல்லை. வந்த வண்டியிலேயே நேராக டவுனுக்குக் கொண்டுபோனோம்.

சுண்டுவிரல் போயிற்று. கால் தப்பித்தது. இன்னும் பதினைந்து நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை பேச வேண்டியிருக்கும் என்றார் கர்னல். மாத்திரை மறுபடி தொடங்கியது. தையல் பிரித்ததும், வார் வைத்துக் கட்டும் மெத்தென்ற செருப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். பச்சை நிறம். அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போக ஒரு வாரம் தயங்கினார். ஆறுக்குட்டி வந்து, "எனக்கு ஒண்ணுதான் வேணும் சாப், மிச்சம் இருந்தாக் குடுங்" என்று கேட்டபிறகு போனார்.

வண்டியும் தப்பித்தது. ஆறு மாதம் முடிந்து கணக்குப் பார்க்க வந்த அதிகாரியை உட்கார இடமில்லாமல் நிற்க வைத்துவிட்டது எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்களும் காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அத்தை கேட்டது

இவ்வளவு பெருமையோடு நான் இருக்கும்போதுதான் மயிலாத்தா அத்தை வந்து கேட்டார்.

"அம்மிணி, அந்தப் பட்டாளத்து ஆஸ்பத்திரிக் கார்டுல பொண்டாட்டிகளுக்கும் வைத்தியம் உண்டுன்னு போட்டிருக்குதாமா?"

"ஆமாங்க அத்தை."

"ஆறு மாசத்துல ஒரு பொம்பளையவாச்சும் அந்த பெஞ்சுல உக்கார வெச்சியா?"

பெண்ணாகப் பிறந்து, பெண்கள் செய்யும் வேலையைச் செய்யும் எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை முன் பெஞ்சில் ஒன்பது பெண்கள். சிலர் மெட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். வழக்கம்போலச் சோதனை போட வந்த சுபேதார் மாமா, முதல் ஆளாகத் தன் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இவங்கள நீயே பாத்துரம்மிணி," என்றார் என்னிடம் தணிந்த குரலில்.

"வரிசைல ஆளை விட்டுட்டுப் போறது எந்த ரெஜிமென்ட்லயும் இல்லீங் சாப்," என்றார் பின்னாலிருந்து ஆறுக்குட்டி.

நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன். மாமா அதில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அத்தையின் வலது காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்தார். குதிகால் முழுக்க ஆழ ஆழமான வெடிப்பு. மாட்டுக் கொட்டிலின் கறுப்பு ஒவ்வொரு கோட்டிலும் இறங்கியிருந்தது. கட்டைவிரலால் ஒரு வெடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்பருந்து?"

"நீங்க பட்டாளத்துக்குப் போனதுலருந்து."

அவர் என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். நைலான் இழையைக் கொடுத்தேன்.

"கண்ண மூடிக்க. தொட்டாச் சொல்லோணும்."

அத்தை மூடிக்கொண்டார். மாமா பெருவிரலின் அடியில் மெல்ல வைத்தார். அத்தை தோளைக் குலுக்கிச் சிரித்தார். "கூசுதுங்க!"

நடுப்பாதத்தில் வைத்தார். அதற்கும் சிரிப்பு. பக்கத்திலிருந்த எட்டுப் பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை வாங்கி, தன் கையாலேயே 'உணர்ச்சி உண்டு' என்று எழுதினார். டாக்டரை நிமிர்ந்து பார்த்து, "இந்த வெடிப்புக்கு நல்ல மருந்தாக் குடுங்க," என்றார்.

அத்தை கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "முடிஞ்சுதுங்களா? எந்திரிக்கட்டுமா?"

"இரு," என்றார் மாமா. "இன்னொரு கால் இருக்குது."